பழைய டிராக்டரின் பாக எண்களை விவசாயியிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, புதிய டிராக்டர் வாங்குவோருக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று நாளிதழ்கள் விரிவாக எழுதின. வரவேற்க வேண்டிய செய்திதான். ஆனால் எங்கள் பகுதியில் குறுவைக்கும் சம்பாவுக்கும் வயலை உழுது கொடுப்பவற்றில் பெரும்பாலானவை பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் மாஸி பெர்குசன் 1035, மஹிந்திரா பி-275, ஃபோர்டு 3600 போன்ற பழைய வண்டிகளே. அப்படிப்பட்ட ஒரு வண்டியைக் கொண்டு என் நிலத்தையும், வாடகைக்கு அக்கம்பக்கத்தார் நிலத்தையும் உழுது வருபவன் என்ற முறையில், இவற்றுக்கான உதிரி பாகங்கள் நியாயமான விலையில் கிடைப்பதற்கு உள்ள தடைகளைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்கும் டிராக்டர் நிறுவனங்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

பழையதை விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று சொல்வோர் உண்டு. மூன்று, நான்கு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் பல லட்ச ரூபாய் கடன் வாங்கி, விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் தவறாமல் தவணை கட்டுவது எளிதல்ல. கடன் அடைந்துபோன வண்டிக்கு டீசல், ஆயில், டிரைவர் கூலி, அவ்வப்போது ரிப்பேர் என்பதற்கு மேல் செலவில்லாததால்தான், உழவு வாடகையைச் சிறு விவசாயிகள் தாங்கும் அளவில் வைத்துக்கொள்ள முடிகிறது. மேலும் இந்த வண்டிகளில் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. நல்ல கைத்தேர்ச்சியுள்ள மெக்கானிக் ஒருவர் ஸ்பேனர் பெட்டியோடு வந்து வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டிவிடக் கூடியவை. சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பத்து ஆண்டு ஆன டிராக்டரை உடைப்புக்குப் போட வேண்டும் என்று வதந்தி பரவிய நேரத்தில், விவசாய டிராக்டரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகவும் புதுப்பிக்கப்படலாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே விளக்கம் தந்தது. ஆகவே ஓடும் நிலையில் உள்ள வண்டியை ஓட்டுவதற்கு வேண்டியது உதிரி பாகம் மட்டும்தான்.

டெல்டாவில் டிராக்டரைத் தேய்ப்பது சேறு. கேஜ் வீல் (சேற்றில் புதையாமலிருக்க உதவும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி, பின்னால் ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளுள்ள உழவுக் கருவி) பூட்டி, தண்ணீர் கட்டிய வயலில் நாள் முழுவதும் சேற்றுழவு செய்யும்போது முன் ஹப் (முன் சக்கரத்தின் குடம்) சேற்றுக்குள்ளேயே கிடக்கிறது. அங்கு கிரீஸ் வெளியேறாமலும் சேறு புகாமலும் தடுக்கும் ஆயில் சீலின் ரப்பர் விளிம்பில் நுண்மணல் ஏறி, விளிம்பு தேய்ந்து, சில வாரங்களில் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். ஹப் மூடியைக் கழற்றினால் கிரீஸ் வெளுத்துக் குழகுழவென்று வழியும். துடைத்துவிட்டுப் பார்த்தால் சக்கரம் உராய்வு குறைந்து சுழல உதவும் பேரிங்கின் கப்பின் (வெளி வளையம்) உட்புறத்தில் சிறு சிறு குழிகள் விழுந்திருப்பது தெரியும். பின் அச்சில் இதே கதை வேறு வழியாக நடக்கிறது: சீல் போய் உள்ளிருக்கும் ஆயில் கசிந்து பிரேக் லைனிங்கில் ஊறிவிடும், வண்டி மேட்டில் நிற்காது. இந்த வேலைகளில் தேய்ந்துபோவது சீலும் பேரிங்குமே. இரண்டுமே உலகெங்கும் ஒரே அளவு முறையில் செய்யப்படுபவை.

இங்குதான் என் முதல் முறையீடு தொடங்குகிறது. பேரிங்கின் பக்கவாட்டு வளையத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக 6205 என்று இருந்தால் அதன் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ.; அதை எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்திருந்தாலும் அளவு மாறாது. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் உட்புற இடைவெளி சற்றுக் கூடுதலானது என்று பொருள். சூடேறும் இடங்களில் அதைக் கவனித்துத்தான் வாங்க வேண்டும். ஆயில் சீலின் மீதும் 35-52-10 என்பதுபோல உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவை வரிசையாக அச்சாகியிருக்கும். இந்த எண் தெரிந்தவர் பேரிங் கடைக்குப் போய், பெயர்பெற்ற தயாரிப்பாளரின் பெட்டியிலேயே, பில்லோடு வாங்கிவிடலாம். எண் தெரியாதவர், அதே பேரிங் டிராக்டர் நிறுவனத்தின் பெட்டிக்குள் வேறொரு எண்ணோடு வரும்போது, அதற்குப் பல மடங்கு விலை கொடுக்கிறார். பழைய பேரிங் உடைந்து எண் அழிந்துபோயிருந்தால் அவருக்கு வேறு வழியே இல்லை. ஏனென்றால் நிறுவனத்தின் பாகப் பட்டியலில் நிறுவனம் வைத்த எண் இருக்கிறதே தவிர, பொது அளவு எண் இருப்பதில்லை. அந்தப் பட்டியலும் முகவர் கடையின் கணினிக்குள் இருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் கையில் இல்லை.

பேரிங், சீல் ஆகியவற்றோடு இது நிற்பதில்லை. டிராக்டர் நிறுவனம் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. பிஸ்டன் ஓரிடத்திலிருந்தும், கிராங்க் பேரிங் வேறிடத்திலிருந்தும், கிளட்ச் பிளேட், ஸ்டார்ட்டர் மோட்டார், டீசல் பம்பு ஆகியவை வெவ்வேறு தொழிற்சாலைகளிலிருந்தும் வருகின்றன. இதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையின் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியின் லூகாஸ் டி.வி.எஸ்., கோவையின் பைமெட்டல் பேரிங்ஸ் போன்றவை பல பத்தாண்டுகளாக இன்ஜின் பாகங்களும் மின் பாகங்களும் செய்து வருபவை. தங்கள் சொந்தப் பெயரிலும் சந்தையில் விற்பவை. தன் வண்டியில் முதலில் இருந்த பாகம் யார் செய்தது, அவர்களுடைய எண் என்ன என்று ஒரு விவசாயிக்குத் தெரிந்தால், தரம் குறையாமலே செலவைக் குறைக்கும் வழி அவருக்குத் திறந்துவிடும். மலிவான பாகம் என்றதும் மட்டமான பாகம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மட்டமான பாகமும் சந்தையில் உண்டு என்பதை மறுக்க முடியாது. அதனால் வரும் நட்டம் சிறிதல்ல. டீசல் ஃபில்டரை எடுத்துக்கொள்ளலாம். வெளிப்பார்வைக்கு நல்ல கம்பெனியின் நிறம், அதே எழுத்து. அறுத்துப் பார்த்தால் உள்ளே மடிப்பு குறைந்த தாள், ஓரத்தில் சரியாக ஒட்டாத பசை. அந்த வழியாகப் புகும் தூசி நேராகப் பம்பின் எலிமென்ட்டுக்கும் (டீசலை அழுத்தித் தள்ளும் பகுதி) நாசிலுக்கும் (இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் முனை) போகிறது. முடியளவு இடைவெளியில் இயங்கும் அந்தப் பாகங்கள் கீறல் விழுந்தால் வண்டி கறுப்புப் புகை தள்ளும், காலையில் ஸ்டார்ட் ஆகாது, டீசல் கூடுதலாகக் குடிக்கும். ஃபில்டரில் மிச்சம் பிடித்த தொகைக்குப் பல மடங்கு பம்பு பட்டறையில் வைக்க வேண்டிவரும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, பெட்டியில் அடைத்து விற்கும் பொருளின் மீது தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் இதைத் தேடிப் பார்க்கும் அதிகாரிகள் டிராக்டர் ஸ்பேர் கடைகளுக்குள்ளும் வந்து பார்த்தால், ஊர் பேர் இல்லாத பெட்டிகள் பாதியாகக் குறையும் என்று நம்புகிறேன். விவசாயிகளும் பில் கேட்டு வாங்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் கொடுப்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம்.

சிறு பாகத்தைத் தனியாக விற்காமல், பல பாகங்கள் சேர்ந்த முழு அசெம்பிளியாகவே விற்கும் வழக்கமும் வளர்ந்து வருகிறது. எங்கள் ஊரில் ஒருவருடைய வண்டியில் ஹைட்ராலிக் லிஃப்ட் சுமையைத் தாங்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, வரப்பைத் தாண்டித் திருப்புவதற்குள் அது தரையைத் தொட்டுவிடும். பம்பு அசெம்பிளியை மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். லிஃப்ட் மேலே ஏறுவதில் குறையில்லை, நிறுத்திய பிறகுதான் இறங்குகிறது என்று கவனித்தார். ஏற்றும் வேலையைப் பம்பு சரியாகச் செய்கிறது, ஏற்றியதைப் பிடித்து வைக்கும் இடத்தில்தான் கசிவு இருக்கிறது என்று கணித்து, லிஃப்ட் மூடியை இறக்கி, சிலிண்டரின் பிஸ்டனில் இருந்த ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார். அது தட்டையாகி, ஒருபுறம் வெட்டுப்பட்டிருந்தது. புதிய வளையம் போட்டு மூடியதும் லிஃப்ட் அசையாமல் நின்றது. அந்த வளையத்தின் விலைக்கும் பம்பு அசெம்பிளியின் விலைக்கும் இடையே உள்ள தூரம், ஒரு சிறு விவசாயியின் ஒரு போக லாபத்தை விழுங்கிவிடக் கூடியது. அந்த வளையமும் அளவு சொல்லிக் கேட்டால் கிடைக்கும் பொருள்தான். அந்த அளவு எழுத்தில் எங்கும் இல்லை, அந்த மெக்கானிக்கின் நினைவில் இருந்தது.

இன்ஜின் வேலையில் இந்த அறிவின் மதிப்பு இன்னும் கூடுகிறது. கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) தேய்ந்தால் அதைக் கிரைண்டிங் செய்து, அதாவது சீராகத் தேய்த்துச் சற்றுச் சிறிதாக்கி, அதற்கேற்ற அடுத்த அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். முன்பு எந்த அளவுக்குக் கிரைண்டிங் ஆகியிருக்கிறது என்பது பழைய பேரிங் ஷெல்லின் முதுகில் பொறித்திருக்கும். அதைப் பார்க்காமலும் கிராங்கை மைக்ரோமீட்டரில் அளக்காமலும் பேரிங் வாங்கினால் அது ஒன்றுக்கும் உதவாது. ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு கிளட்ச் பிளேட்டின் விட்டம், பம்பின் வகை, ஆயில் ஃபில்டரின் மரை ஆகியவை மாறியிருப்பது உண்டு. அதனால் மாடல் பெயரை மட்டும் சொல்லி ஸ்பேர் கேட்பதைவிட, சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு, முடிந்தால் பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோவதுதான் வீண் அலைச்சலைத் தடுக்கும். இந்த மாற்றங்கள் எந்த ஆண்டில், எந்த எண்ணிலிருந்து வந்தன என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வெளியிடுவதில் அவர்களுக்கு என்ன நட்டம் என்பது எனக்கு விளங்கவில்லை.

தயாரிப்பே நின்றுபோன வண்டிகளின் நிலை மேலும் கவலைக்குரியது. செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1971-இல் ஹரியானாவின் பிஞ்ஜோரில் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது பொதுத்துறை நிறுவனம். வண்டியை வாங்கியவர்கள் அரசை நம்பி வாங்கினார்கள். தொழிற்சாலையை மூடியபோது அதன் வரைபடங்களையும் பாகப் பட்டியலையும் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைத்திருந்தால், லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் உள்ள சிறு தொழிற்கூடங்கள் சரியான அளவில், சரியான இரும்பில் செய்து கொடுத்திருக்கும். கோவையின் வார்ப்பாலைகளுக்கும் அதைச் செய்யும் திறன் இருக்கிறது. இதற்கு மாறாக, ஃபோர்டு 3600 வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்தது. ஃபோர்டு என்ற பெயர் போன பிறகும் அதே வடிவமைப்பின் வழியில் ஃபார்ம்டிராக் 60 வந்ததால், அதன் பல பாகங்கள் பழைய வண்டிக்கும் பொருந்துகின்றன. எந்தெந்தப் பாகம் பொருந்தும் என்பது இன்றும் மெக்கானிக்குகளிடையே வாய்மொழியாகவே புழங்குகிறது. காயலான் கடைகளில் உடைப்புக்கு வரும் வண்டிகளிலிருந்து கியர்பாக்ஸ் கூடு, முன் அச்சு, ரிம் போன்ற எளிதில் தேயாத பாகங்களைப் பார்த்து வாங்கலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆனால் சீல், கேஸ்கட், பிரேக் லைனிங், ஸ்டியரிங் பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

வரி விஷயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் மாற்றத்தில் டிராக்டரின் பின் சக்கர டயர், டியூப், ஹைட்ராலிக் பம்பு, கிளட்ச் அசெம்பிளி, கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர், சைலன்சர் எனப் பல பாகங்களுக்கு வரி 5 சதவீதமானது. டிராக்டருக்கான முழு இன்ஜினுக்கும் 5 சதவீதம்தான். ஆனால் அந்த இன்ஜினுக்குள் போகும் பிஸ்டன், ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை உறை) ஆகியவற்றுக்கும், பேரிங்குக்கும் இன்றும் 18 சதவீதம். முழு இன்ஜினாக வாங்கினால் குறைந்த வரி, இருக்கும் இன்ஜினைச் சரிசெய்தால் கூடுதல் வரி என்ற இந்த நிலை, வண்டியைப் பேணிக் காப்பவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையாகவே படுகிறது. வணிகர் தாம் கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்வார், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத விவசாயி அதை முழுவதும் தன் கையிலிருந்தே கொடுக்கிறார். ஒரே பேரிங் தண்ணீர் மோட்டாருக்கும் போகும், ஆலைக்கும் போகும் என்பதால் அதைப் பிரித்து வரி குறைப்பது கடினம் என்று சொல்லலாம். டிராக்டர் இன்ஜினுக்கென்றே செய்யப்படும் லைனர்-பிஸ்டன் செட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. குறைந்தபட்சம் அதையாவது 5 சதவீதப் பட்டியலில் சேர்க்குமாறு தமிழக அரசு ஜி.எஸ்.டி. மன்றத்தில் வலியுறுத்த வேண்டும்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தபோது, கவனிக்க வேண்டிய துறைகளாக வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அரசிடம் அளிக்கப்பட்ட, ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பிடும் பழுதுபார்ப்புக் குறியீட்டு அறிக்கை கைப்பேசி, மின்னணுப் பொருட்கள் பற்றியது. வேளாண் கருவிகள் வரிசையில் இன்னும் காத்திருக்கின்றன. கார்களைப் பொறுத்தவரை, உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிச்சந்தைக்குக் கொடுக்காமல் தடுத்ததற்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 நிறுவனங்கள் மீது சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அவற்றை வெளிச்சந்தையிலும் கிடைக்கச் செய்யுமாறு உத்தரவிட்டது. கார் வைத்திருப்பவருக்காக எழுந்த அந்தக் கேள்வி, டிராக்டரை நம்பிப் பிழைப்பவருக்காகவும் எழ வேண்டும். மாடல் வாரியான பாகப் படங்கள், பொது அளவு எண்கள், முதல் தயாரிப்பாளரின் எண், அதிகபட்ச விலை ஆகியவற்றைத் தயாரிப்பு நின்ற மாடல்களுக்கும் சேர்த்துப் பொதுவில் வெளியிடுவதைக் கட்டாயமாக்கினாலே போதும். மானியம் எதுவும் தராமலே பெரும் தொகை விவசாயிகளுக்கு மிச்சமாகும்.

சட்டம் வரும்வரை நமது வேளாண்மைப் பொறியியல் துறை சும்மா இருக்க வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் அதற்குப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக் பாடப்பிரிவும் இருக்கிறது. தங்கள் பகுதியில் அதிகம் ஓடும் ஐந்தாறு பழைய மாடல்களுக்கு, அடிக்கடி தேயும் பாகங்களின் அளவுகளையும் எண்களையும், வேலை தெரிந்த மூத்த மெக்கானிக்குகளை உட்கார வைத்துக் கேட்டு, அளந்து சரிபார்த்துத் தமிழில் ஒரு கையேடாக அச்சிட்டால், அது வட்டாரத்துக்கு ஒரு பிரதியாக இருந்தாலும் பயன்படும். அந்த மூத்தவர்களில் பலர் வேலையை விட்டு ஒதுங்கும் வயதில் இருப்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பிறகு டெல்டாவில் ஒரு வண்டி ஒரு வாரம் நின்றாலும் நாற்று முற்றிப்போகும். அப்போது என்ன விலை சொன்னாலும் கொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மாசி முதல் சித்திரை வரை வண்டிகள் பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கின்றன. அந்த மாதங்களில் ஒன்றியம் வாரியாகப் பழைய டிராக்டர்களுக்கான பராமரிப்பு முகாம் நடத்தி, பேரிங், சீல், ஃபில்டர் தயாரிப்பாளர்களின் முகவர்களை அங்கேயே கடை போடச் செய்து, பில்லோடு விற்க ஏற்பாடு செய்யுமாறு திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.